சூட்டைப் பழிக்கும் முன் ஈரத்தைப் பாருங்கள்: ஒளித்தொடர்புப் பாலிமர்களில் கோளாறு கண்டறிதல்

ஒளித்தொடர்புக்குப் பாலிமர் தயாரிக்கிறவர்கள் வெப்பத்துக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அக்ரிலிக் கண்ணாடி என்று நாம் அறியும் பி.எம்.எம்.ஏ. 105 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். பாலிகார்பனேட் 147 டிகிரி வரை தாங்கும். ஈயமில்லாத பற்றவைப்பு அடுப்போ 260 டிகிரி வரை ஏறும். வெளியிடங்களில் வைக்கும் உறுப்புகளுக்கு 85 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் சேர்ந்த சோதனை வேறு காத்திருக்கிறது. அதனால்தான் பாலிஇமைடு, ஃபுளூரின் சேர்த்த பாலிஇமைடு, குறுக்கிணைப்புள்ள (சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்ட) அக்ரிலேட்டு என்று தேடுகிறோம்.

ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்து ஆய்வகங்களில், ஒளியைக் கடத்தத் தட்டின்மேல் பூசும் மெல்லிய பாலிமர் படலம் கெட்டால் "பொருள் சூடு தாங்கவில்லை" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி வெப்பமல்ல, தண்ணீர். மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால், வடகிழக்குப் பருவமழை வேறு. இந்தச் சூழலில், வறண்ட ஊர் ஒன்றில் எழுதப்பட்ட செய்முறையை அப்படியே எடுத்துச் செய்தால் அதே விளைவு வராது. கீழே கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகிறேன். எல்லாவற்றுக்கும் தண்ணீரையே காரணம் காட்டப்போவதில்லை. அது அல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு முன்னேற்பாடு. பாலிமர் கரைசலைத் தட்டின்மேல் ஊற்றிச் சுழற்றிப் படலமாக்கும் ஸ்பின் கோட்டிங் எந்திரத்தின் பக்கத்திலேயே ஓர் ஈரப்பதமானி வையுங்கள். அறையின் மறுகோடியில் சுவரில் தொங்குவது போதாது. ஒவ்வொரு படலத்துக்கும் பதிவேட்டில் வெப்பநிலையுடன் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் கீழே உள்ள பாதிச் சோதனைகளுக்குப் பொருளே இல்லை.

அறிகுறி: படலம் பால்போல் வெளுக்கிறது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது வெளுக்கிறது என்பது. சுழற்சி நின்றதும் சிலிக்கான் தட்டைக் கையில் எடுத்து, மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். அந்த நொடியில் படலம் எண்ணெய் பூசியதுபோல் பளபளப்பாகவே இருக்கும். அப்படியே பிடித்திருங்கள். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஒரு மங்கல் தோன்றி உள்நோக்கிப் படருகிறதா? அப்படியானால் காரணம் அறைக்காற்று. என்.எம்.பி., டி.எம்.ஏ.சி. போன்ற கரைப்பான்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். பாலிமருக்குத் தண்ணீர் ஆகாது. கரைப்பானில் தண்ணீர் ஏற ஏறப் பாலிமர் தனியே பிரிந்து நுண்துளைகளாக உறைகிறது. அந்தத் துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளை.

உறுதிசெய்வது எளிது. அடுத்த தட்டைச் சுழற்றிய கையோடு 80 டிகிரியில் தயாராக இருக்கும் சூட்டுத்தட்டில் வையுங்கள். வெளுக்கவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது. நிரந்தரத் தீர்வு, சுழலும் கிண்ணத்துக்குள் உலர் நைட்ரஜன் ஓடவிடுவது. அதற்கு வழியில்லாதவர்கள் சுழற்றும் எந்திரத்தையும் சூட்டுத்தட்டையும் ஒரே அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் நிரப்பிய தட்டுகளை உள்ளே போட்டுவிடலாம். 45 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் வந்தால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "ஏ.சி. போட்டிருக்கிறோமே, சார்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். ஏ.சி. அறையைக் குளிர்விக்கும், போதுமான அளவு உலர்த்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிறிய அறையில் பெரிய எந்திரம் மாட்டியிருந்தால் சீக்கிரமே குளிர்ந்து, கம்ப்ரசர் நின்று, ஈரத்தை அகற்றாமலேயே ஓய்வெடுக்கும். ஈரம் அதே அளவில் இருக்க வெப்பநிலை மட்டும் இறங்கினால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தான் செய்யும். கார்த்திகை அடைமழையில் 20 டிகிரிக்கு வைத்த அறை, 26 டிகிரி அறையைவிட மோசமாக நடந்துகொள்வது இதனால்தான். ஈரம் நீக்கும் கருவி தனியாக வாங்குங்கள். விலையுயர்ந்த பாலிமரை வீணாக்குவதைவிட அது மலிவு.

புட்டியில் இருக்கும்போதே கரைசல் கலங்கலாக இருந்தால் கதை வேறு. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

சூளையில் சுட்ட பிறகுதான் வெளுக்கிறது என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். பாலிமர் பகுதியாகப் படிகமாகியிருக்கலாம், அல்லது கலந்த இரண்டு பொருள்கள் ஒட்டாமல் பிரிந்திருக்கலாம். அது வேதியியல் கேள்வி, ஈரப்பதமானியால் தீராது.

அறிகுறி: அதே வேகத்தில் சுழற்றியும் படலம் மெலிந்துகொண்டே வருகிறது

பாலிஇமைடு படலத்தை நேராக ஊற்றுவதில்லை. பாலிஅமிக் அமிலக் கரைசலை ஊற்றிப் பிறகு சுடுகிறோம்; சூட்டில்தான் அது பாலிஇமைடாக மாறுகிறது. இந்தப் பாலிஅமிக் அமிலம் நிலையற்றது. அதன் சங்கிலி தானாகவே கொஞ்சம் பிரிந்து, அன்ஹைட்ரைடு, அமீன் முனைகளாக மாறி, மறுபடி சேர்ந்துகொண்டிருக்கும். இடையில் தண்ணீர் புகுந்தால் அன்ஹைட்ரைடு முனையைப் பிடித்து அமிலமாக்கிவிடும். அறை வெப்பநிலையில் அந்த முனை மறுபடி சேராது. சங்கிலி குட்டையாகும், கரைசல் நீர்த்துப்போகும், படலம் மெலியும்.

இதைத் தடுக்கத்தான் புட்டியை உறைநிலைப் பெட்டியில் வைக்கிறோம். கோளாறு நுழைவதும் அங்கேதான். டெல்டாவின் மழைக்காலக் காற்றில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 டிகிரி வரை இருக்கும். சுழியத்துக்குக் கீழே இருந்த புட்டியை வெளியில் எடுத்து உடனே மூடியைத் திருகினால், கண்ணாடியின் வெளிப்பக்கம் முத்துமுத்தாகப் படியும் அதே நீர் புட்டியின் உள்ளேயும் கரைசலின் மேலும் படியும். கண்ணாடி துடைத்தால் காயும். கரைசலில் இறங்கியது வெளியே வராது.

புட்டியை மூடியபடியே மேசைமேல் வைத்து, வெளியில் ஈரம் படிவது முழுவதும் நின்ற பிறகே திறக்க வேண்டும். பெரிய புட்டியாக இருந்தால் காலையில் எடுத்து மதியம்தான் திறக்க முடியும். அதைவிட நல்லது, வாங்கிய அன்றே உலர்ந்த சூழலில் சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்துவிடுவது. ஒரு வேலைக்கு ஒரு குப்பி, மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனசு வராதவர்கள் பாலிஇமைடு வேலைக்கு வராமலிருப்பதே மேல்.

சங்கிலி ஏற்கெனவே அறுந்துவிட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். முழுவதும் சுட்ட படலத்தைத் தட்டிலிருந்து உரித்து, காகிதம் மடிப்பதுபோல் இரண்டாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். நல்ல பாலிஇமைடு மடிந்து விரியும். குட்டைச் சங்கிலி மடிப்புக்கோட்டிலேயே சட்டென்று முறியும். சில வகைகள் இயல்பிலேயே நொறுங்கும் என்பதால், புதுப்புட்டியில் செய்த படலத்தையும் பக்கத்தில் வைத்து மடித்துப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள்.

அறிகுறி: கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை நூலில் உள்ளதைவிடக் குறைவாக வருகிறது

கெட்டியான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை இது. ஆய்வறிக்கைகளில் அதிகம் பொய் சொல்லும் எண்ணும் இதுதான். பொருள் மாறியிருக்க வேண்டிய அவசியமில்லை. பொருளுக்குள் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். மழைநாளில் டப்பாவுக்கு வெளியே விட்ட அப்பளம் நமுத்துப்போவது போலத்தான், சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்த நீர் அவற்றை நழுவவிட்டுப் பாலிமரை இளக்குகிறது. பி.எம்.எம்.ஏ. நிறைவுறும்போது எடையில் 2 சதவீதம் வரை நீரை ஏற்றுக்கொள்ளும். அது சிறிய அளவல்ல.

சூடேற்றும்போது மாதிரி எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று அளக்கும் டி.எஸ்.சி. கருவியில், முதல் சூடேற்றத்தின் வரைகோட்டைப் பாருங்கள். 100 டிகிரியை ஒட்டி ஓர் அகன்ற பள்ளம் இருந்தால் அது நீர். ஆறவிட்டு, அதே மாதிரியை மறுபடி சூடேற்றி, இரண்டாம் வரைகோட்டிலிருந்து எண்ணை எடுங்கள். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் உள்ள இடைவெளியை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்; கருவி வெளியில் வேலை செய்யப்போவது முதல் ஓட்டத்து நிலையில்தான்.

இரண்டாம் ஓட்டத்திலும் குறைவாகவே வந்தால் எடையிழப்புக் கருவிக்குப் போங்கள். 100 டிகிரி சுற்றுவட்டாரத்தில் எடை இறங்கினால் நீர். 150 முதல் 250 டிகிரிக்குள் ஓர் இறக்கம் தெரிந்தால் என்.எம்.பி. தங்கியிருக்கிறது. அதன் கொதிநிலை 202 டிகிரி. ஆனாலும் பாலிஅமிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டிக்கொண்டு அதற்கு மேலும் வெளியேற மறுக்கும். "கொதிநிலையைத் தாண்டிவிட்டோம், போயிருக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

மூன்றாவது வாய்ப்பு, இமைடாக மாறுவது பாதியில் நின்றிருப்பது. அகச்சிவப்பு நிறமாலையில் 1780, 1720, 1380 என்ற அலையெண்களில் இமைடின் முத்திரைகள் இருக்கும். 1380-ஐ, மாறாமல் நிற்கும் 1500 பட்டையால் வகுத்து, நிச்சயமாக முழுவதும் சுட்ட படலத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் குறைந்தால் இன்னும் சுட வேண்டும். வழக்கமான ஏணி 100, 200, பிறகு 300 அல்லது 350 டிகிரி. ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி வரைதான் ஏற்ற வேண்டும்.

அறிகுறி: 850 நானோமீட்டரில் இழப்பு குறைவு, 1550-இல் கூரையைத் தொடுகிறது

இழப்பு என்பது படலத்தினூடே போகும்போது ஒளி குறைவது. இதில் தண்ணீருக்குப் பங்கு குறைவு, வெப்பத்துக்குப் பங்கே இல்லை. பாலிமரின் பிறவிக்குணம் இது.

கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 3.4 மைக்ரோமீட்டர் அருகில் அதிர்கிறது. அதன் முதல் மேற்சுரம் (அதிர்வெண் ஏறத்தாழ இரட்டிக்கும் அதிர்வு) 1.7 மைக்ரோமீட்டரில் விழுகிறது. 1550 நானோமீட்டர் அந்த மலையின் சரிவில் நிற்கிறது. அடுத்த மேற்சுரம் 1.2 மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கிறது. 1310 என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம்; 850 கிட்டத்தட்டச் சமவெளி. எவ்வளவு உலர்த்தினாலும், எவ்வளவு சுட்டாலும் இந்த நிலவியல் மாறாது. ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளூரின் போட்டால்தான் மாறும்: கார்பன்-ஃபுளூரின் அதிர்வு 8 மைக்ரோமீட்டர் பக்கம் இருப்பதால், நம் அலைநீளங்களுக்கு வந்து சேரும் அதன் மேற்சுரங்கள் மிகவும் வலுவிழந்தவை. ஜப்பானின் என்.டி.டி. ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஃபுளூரின் ஏற்றிய பாலிஇமைடுகளை ஒளி அலைவழிகளுக்குக் கொண்டுவந்தது இந்தக் காரணத்தால்தான். அவற்றின் நிலைமாற்ற வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல். நீரையும் குறைவாகவே உறிஞ்சும். ஒரே கல்லில் மூன்று மாங்காய். விலையும், தட்டில் ஒட்ட மறுக்கும் பிடிவாதமும்தான் பாக்கிக் கணக்கு.

ஆகவே இழப்பு அதிகம் என்று யாராவது சொன்னால், ஒரே அலைநீளத்தில் அளந்துவிட்டுப் பேசாமல் மூன்றில் அளக்கச் சொல்லுங்கள்: 633, 1310, 1550. 1550 மட்டும் மோசமென்றால் மேலே சொன்ன பிறவிக்குணம். 1400-ஐச் சுற்றி ஒரு முகடு எழுந்து, மழைநாளில் வளர்ந்து வெயில்நாளில் சுருங்கினால் நீரின் ஓ-எச் பிணைப்பு. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் போட்டவர்களும் இதில் ஏமாறுவதுண்டு. பொருளில் ஹைட்ரஜன் இல்லை, காற்றிலிருந்து வந்த தண்ணீரில் இருக்கிறதே.

633-இல்தான் அதிக இழப்பு, அலைநீளம் கூடக் கூடக் குறைகிறது என்றால் அது சிதறல். நுண்துளை, கட்டி, தூசு என்று தேடுங்கள். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தூசு உண்டு. நெல் அவிக்கும் ஆலைகளில் உமியை எரிக்கிறார்கள். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. காற்று அந்தத் திசையிலிருந்து வீசும் அறுவடைக் காலத்தில், ஜன்னல் இடுக்கு வழியாக வந்து படலத்தில் விழுந்த ஒரு துகள், சுழற்சியில் தன் பின்னால் வால்நட்சத்திரம்போல் ஒரு கோட்டை இழுத்துவிடும். வெறுங்கண்ணுக்கே அந்த வால் தெரியும். கரைசலை வடிகட்டினால் இது தீராது, ஏனென்றால் துகள் வந்தது புட்டியிலிருந்து அல்ல. வால்கள் எல்லாத் தட்டிலும் எந்நாளும் வந்தால் கரைசலை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் ஏற்றுங்கள். சில நாள்களில் மட்டும் வந்தால் ஜன்னலை அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: சுட்டபின் வெடிப்பு, உரிதல்

வெடிப்பும் உரிதலும் ஒன்றல்ல. சிலிக்கான் டிகிரிக்குப் பத்துலட்சத்தில் 2.6 பங்கு விரிகிறது. பாலிமர் பெரும்பாலும் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல். ஆறும்போது படலம் சுருங்க முயல, தட்டு விடுவதில்லை. இழுவிசை தாங்காமல் படலம் நடுவில் கிழிந்தால் வெடிப்பு: மெல்லிய படலமாகப் பல தடவை ஊற்றுங்கள், மெதுவாக ஆறவிடுங்கள். பிடிமானம் தோற்றால் ஓரத்திலிருந்து உரியும்: தட்டின் மேல் ஒட்டியிருக்கும் நீர்த்திரையைச் சந்தேகியுங்கள். தட்டை 150 முதல் 200 டிகிரியில் உலர்த்தி, அமினோசிலேன் ஒட்டுப்பூச்சைப் பூசி, ஆறிய கையோடு பாலிமரை ஊற்ற வேண்டும். உலர்த்திய தட்டை மேசைமேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் உலர்த்தியதற்கு அர்த்தமில்லை.

சூடேற்றும் நடுவில் மின்சாரம் போனால் சூளைக் கதவைத் திறக்காதீர்கள். பாதி இமைடான படலம் மிக எளிதில் நொறுங்கும். திடீர்க் குளிர் அதற்கு எமன். தானாக ஆறட்டும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்துக்குத் தாவாமல் 100 டிகிரியிலிருந்து ஏணியை மறுபடி ஏறுங்கள்.

அறிகுறி: படலம் மஞ்சளாகிறது

1310-இலும் 1550-இலும் வேலை செய்யும் படலமென்றால் விட்டுவிடுங்கள். பாலிஇமைடின் மஞ்சள், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்குள் நடக்கும் மின்னூட்டப் பரிமாற்றத்தால் வருவது. அந்த உட்கவர்தல் நீல ஒளியில்தான். முன்பு வெளிர்மஞ்சளாக இருந்தது இப்போது பழுப்பாகிறது என்றால் மட்டும் சூளையில் ஆக்சிஜன் புகுகிறதா, நைட்ரஜன் குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மின்ஒளிப் படலத்தின் திறன் நாளுக்கு நாள் குறைகிறது

பண்பேற்றிக்கான (மின்சைகையை ஒளியில் ஏற்றும் கருவிக்கான) படலங்களில் குரோமோஃபோர் எனும் சாய மூலக்கூறுகளை மின்புலத்தால் ஒரே திசையில் திருப்பி நிறுத்துகிறோம். நிலைமாற்ற வெப்பநிலையை ஒட்டிச் சூடேற்றி, மைக்ரோமீட்டருக்கு 100 வோல்ட் அளவில் புலம் கொடுத்து, புலத்தை விடாமலேயே ஆறவைப்பது வழக்கம். பிறகு திறன் குறைகிறது என்றால் மூலக்கூறுகள் மெல்லத் திசை மாறுகின்றன. பி.எம்.எம்.ஏ.-வில் சாயத்தை வெறுமனே கலந்து செய்த படலங்களில் அறை வெப்பநிலையிலேயே இது நடக்கும். சாயமும் பாலிமரை இளக்கும் ஒரு நெகிழ்வூட்டிதான்; கலந்த படலத்தின் நிலைமாற்ற வெப்பநிலையை அளக்காமல், வெறும் பி.எம்.எம்.ஏ.-வின் 105-ஐ நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாற்றம். வேலை செய்யும் வெப்பநிலைக்கும் நிலைமாற்ற வெப்பநிலைக்கும் நூறு டிகிரியாவது இடைவெளி இருக்கும் பொருளைத் தேடுங்கள், அல்லது புலம் இருக்கும்போதே குறுக்கிணைப்பு நடக்கும் வகைக்கு மாறுங்கள்.

புலம் கொடுக்கும்போதே மின்னோட்டம் எகிறி, பொறி பறந்து படலத்தில் ஓட்டை விழுந்தால் மறுபடி நம் பழைய நண்பர்தான். ஈரமும், அதோடு சேர்ந்த உப்பு அயனிகளும் மின்சாரத்துக்கு வழி திறக்கின்றன. நாகப்பட்டினம் கரையோர நிலத்தடி நீர் உவர்ப்பு. தட்டைக் கடைசியாகக் கழுவிய நீர் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். அயனி நீக்கிய நீர் மட்டுமே கடைசி அலசலுக்கு. புலம் கொடுக்கும் முன் வெற்றிடச் சூளையில் படலத்தை உலர்த்துங்கள்.

அறிகுறி: உலர்வெப்பத்தில் தேறுகிறது, 85-க்கு 85-இல் தோற்கிறது

இங்கேதான் வெப்பத்தையும் ஈரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈரவெப்ப அறை பல கல்லூரிகளில் இல்லை. அது இல்லாமலும் முதல் தீர்ப்பை எழுதலாம். திருகுமூடியுள்ள தடித்த கண்ணாடிப் புட்டியில் சோடியம் குளோரைடின் நிறைவுற்ற கரைசலை, அடியில் உப்பு கரையாமல் மிஞ்சும்படி ஊற்றுங்கள். அதன் மேலுள்ள காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அறை வெப்பநிலையிலிருந்து 80 டிகிரி வரை அதிகம் அசையாது. வேதாரண்யத்துக் கல்லுப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு ஈரப்பதத்தைக் கீழே இழுத்துவிடும். ஆய்வகத் தர உப்பே வேண்டும். மாதிரியைக் கரைசல் தொடாத உயரத்தில் நிறுத்துங்கள். 80 டிகிரிச் சூளையில் வைத்து, புட்டி சூடேறிய பிறகே மூடியை இறுக்குங்கள். முன்னரே இறுக்கினால் உள்ளழுத்தம் ஏறும். பக்கத்தில் இன்னொரு புட்டியில் உப்புக்கரைசலுக்குப் பதில் உலர்ந்த சிலிக்கா ஜெல், அதே படலத்தின் மறுபாதி.

இரண்டு பாதியும் கெட்டால் வெப்பம்தான் காரணம். உயர்ந்த நிலைமாற்ற வெப்பநிலையுள்ள பொருளைத் தேடுங்கள். ஈரப்புட்டியில் இருந்தது மட்டும் கெட்டால், அதை உலர்த்தி மறுபடி இழப்பை அளவிடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பினால் நீர் உள்ளே நுழைந்து வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். உறையை இறுக்கமாக மூடினால் போதும், அல்லது நீரை மிகக் குறைவாக உறிஞ்சும் சைக்ளிக் ஓலிஃபின் வகைக்கு மாறலாம். திரும்பவில்லை என்றால் நீர் சங்கிலியை அறுத்திருக்கிறது, அல்லது பிடிமானத்தைக் கெடுத்திருக்கிறது. எது என்று அறிய, ஓரத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிச் சட்டென்று இழுங்கள். படலம் நாடாவோடு வந்தால் ஒட்டுப்பூச்சை மாற்றுங்கள். வராமல் தட்டிலேயே முறிந்து கிடந்தால் பாலிமரை மாற்றுங்கள்.